லுங்காராவில் எல்லாரும் அரசர்களாக இருந்த பதினொரு மாதங்கள்

ஓல்த் ஆற்றில் போய்க் கலக்கிற பெயரில்லாத சிற்றாறு ஒன்று மலையை விட்டு இறங்கி முதன்முதலாக மூச்சு வாங்கிக்கொள்கிற இடத்தில் லுங்காரா என்று ஓர் ஊர் இருந்தது, அறுபது வீடு, மரத்தில் கட்டிய ஒரு தேவாலயம், ஒரு மாவு ஆலை, அவ்வளவுதான். வலாக்கியா நாட்டை வோய்வோடாக்கள் என்ற அரசர்கள் ஆண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில், வசந்தம் முடிகிற ஒரு வியாழக்கிழமை காலையில், அந்த ஊர் மாடுகளெல்லாம் மனிதர்களைப் பார்த்து முட்டி போட்டன.

படுத்தன என்று நினைத்துவிடக் கூடாது. மாடு படுக்கும்போதும் முன்னங்காலைத்தான் முதலில் மடக்கும், ஆனால் கூடவே உடம்பையும் இறக்கிவிடும். இவை பின்னங்கால்களில் நின்றபடியே முன்னங்கால்களை மட்டும் மடித்து, நெற்றியை வைக்கோலில் வைத்து, எதிரே நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை அப்படியே இருந்தன. பால் கறக்கப் போன பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, காலில் ஏதோ நோய் என்று பன்றிக்கொழுப்பைச் சூடாக்கித் தடவினார்கள். மலைச்சரிவில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் நடந்த மேய்ப்பன் ஏன் மணிச்சத்தம் நின்றது என்று திரும்பிப் பார்த்தபோது இருநூறு ஆடுகளும் பூவும் புல்லுமான அந்தச் சரிவு முழுக்க மண்டியிட்டிருந்தன. அவன் தொப்பியைக் கழற்றினான், யாருக்காகக் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை புக்கூர் ஊர் திரும்பினான். உப்பு வெட்டுகிற சுரங்கத்திலிருந்து உப்புக்கட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், மூன்று வாரமாக வெளியூரில் இருந்தவன். வண்டி வாசல் மேட்டில் ஏறும்போது அவன் மனைவி நேயாகா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் வண்டி மாடு ஜோயானும் அதன் ஜோடியும் பொத்தென்று முட்டி போட, வண்டி முன்னால் குப்புறக் கவிழ, உப்புக்கட்டிகள் சிற்றாறு வரைக்கும் உருண்டு போயின.

"என்னடி பண்ணினீங்க என் மாட்டை?"

"நாங்க ஒண்ணும் பண்ணலய்யா. அதுங்களா பண்ணுதுங்க. வியாழக்கிழமையிலேர்ந்து ஊரு பூரா இப்படித்தான்."

புக்கூர் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து மாடுகளின் முகத்துக்கு நேரே நின்றான். இரண்டும் எழுந்து, எப்போதும் அவனைப் பார்க்கிற அதே அலட்சியத்தோடு பார்த்தன. அப்போதுதான் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. புக்கூருக்கு மட்டும் முட்டி போடவில்லையென்றால், புக்கூர் மட்டும் செய்யாததும் மற்ற எல்லாரும் செய்ததுமான ஒரு காரியம் இருக்க வேண்டும். அப்படி ஒரே ஒரு காரியம்தான் இருந்தது, அது புதன்கிழமை நடந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். இறந்தவரைப் புதைத்து ஏழு வருடம் ஆனதும் குழியைத் திறந்து எலும்புகளை எடுத்து, தண்ணீரிலும் பிறகு சிவப்புத் திராட்சை மதுவிலும் கழுவி, வெள்ளைத் துணியில் கட்டித் திரும்ப வைப்பார்கள். லுங்காராவில் அதற்கு மேல் ஒன்று கூடுதல்: எலும்பைக் கழுவிய மதுவில் ஒரு வாய், நெருங்கிய உறவு யாரோ அவர் குடிக்க வேண்டும், மகனோ தம்பியோ, அப்போதுதான் இறந்தவருக்குத் தான் தனியாக இல்லை என்று தெரியும். அந்தப் புதன்கிழமை தோண்டியது ஒரு சுண்ணாம்புக்காரரின் குழி. எங்கிருந்தோ வந்தவர், ஆற்றங்கரையில் சூளை போட்டுச் சுண்ணாம்பு எரித்தவர், தூசிக்காக மூக்கையும் வாயையும் எந்நேரமும் துணியால் கட்டியிருந்தவர், வண்டி மாட்டை நம்பாமல் மூட்டைகளைத் தன் முதுகிலேயே சுமந்தவர். அண்டாமலும் அலட்டாமலும் நான்கு வருடம் இருந்துவிட்டு ஒரு குளிர்காலத்தில் இருமி இருமிச் செத்தார். அவருக்கு உறவு என்று யாருமில்லை. உறவில்லாதவரைத் தனியாக விடுவதா என்று யோர்தாக்கே பாதிரியார் கேட்டார், விடக் கூடாது என்று ஊர் சொன்னது, ஆளுக்கொரு வாய் குடித்தார்கள், கைக்குழந்தைகளின் நாக்கில் விரலால் தொட்டு வைத்தார்கள். மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்த நேயாகாவுக்கு இரண்டு வாய் கொடுத்தார்கள், ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றில் இருப்பதற்கு.

அந்த இரக்கத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"சுண்ணாம்புக்காரன் கலோத்தா எலும்புடா" என்றான் ராதோமிர். இளவயதில் தலைநகரத்தில் ஈட்டிக்காரனாக இருந்தவன், ஒரு காது போய் ஊர் திரும்பியவன். "புது வோய்வோடா பட்டமேறின அன்னிக்கு அரண்மனை முற்றத்துல நானூறு குதிரை முட்டி போட்டதை இந்தக் கண்ணால பார்த்தேன். அவங்க முகத்தைப் பார்த்தா நாலுகால் எதுவும் நிக்காது. இப்ப நாம எல்லாரும் அவருக்குச் சொந்தம். சும்மா இருந்தவரைச் சொந்தம் கொண்டாடினோம்ல, அனுபவி."

கலோத்தா வம்சத்தின் கதை அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். முதல் கலோத்தா நாற்பது மாடுகளோடு மலையிலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தார், தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடுகள் அவர் முகத்தைப் பார்த்ததும் முட்டி போட்டன, அதைப் பார்த்த ஜனங்கள் அவரை வோய்வோடா ஆக்கினார்கள். அவருக்குப் பின்னால் மூத்த மகன்தான் ஆள வேண்டும் என்று யாரும் விதி செய்யவில்லை. அரச எலும்பு உடம்பில் இருந்தால் போதும், ராணி பெற்றவனானாலும் சலவைக்காரி பெற்றவனானாலும் எலும்பு எலும்புதான். ஆனால் உடம்பு பழுதில்லாமல் இருக்க வேண்டும். முகத்தில் குறை உள்ளவன் சிம்மாசனம் ஏற முடியாது, அவனுக்கு மாடும் மண்டியிடாது. ஆகவே யார் பட்டத்துக்கு வந்தாலும் முதல் வேலையாக அண்ணன் தம்பிகளையும் சித்தப்பா பிள்ளைகளையும் தேடிப் பிடித்து மூக்கு மடலில் ஒரு வெட்டு வெட்டினார்கள். வெட்டுக்கு அகப்படாதவர்கள் படை திரட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் ஜெயித்தால் அவர்கள் வெட்டினார்கள். ஐம்பத்திரண்டு வருடத்தில் பத்தொன்பது வோய்வோடாக்கள். அதில் ஒருவர் ஆண்டது ஒன்பது நாள், அந்த ஒன்பதிலும் ஏழு நாள் ஜுரம்.

லுங்காரா இந்தச் செய்தியை ஒரு வாரத்தில் ஜீரணித்துவிட்டது. உழவு காத்திருக்காது, பால் மடியில் காத்திருக்காது. மாடு முகத்தைப் பார்த்தால்தான் முட்டி போடுகிறது என்பதால் தொழுவத்துக்குள் பின்பக்கமாக நடந்து போகப் பழகினார்கள், பெண்கள் முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டுப் பால் கறந்தார்கள், மேய்ப்பன் பதினொரு மாதமும் திரும்பிப் பார்க்காமலே ஆடு மேய்த்தான், மணிச்சத்தத்தை வைத்தே எது நொண்டுகிறது எது சினையாக இருக்கிறது என்று சொன்னான். மறந்துபோய் யாராவது தெருவில் வண்டிக்கு எதிரே வந்துவிட்டால் வண்டிக்காரன் கத்துவான்: "மகாபிரபு, முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்புங்க, உங்க ராஜ்யத்துக்குத்தான் கோதுமை போகுது!"

சண்டைகளின் பாஷை மாறியது. "ராணியம்மா, உங்க பன்னி என் முட்டைக்கோசைத் தின்னுட்டுது." "அது பன்னி இல்லடி, படையெடுப்பு." வழக்குத் தீர்க்க உட்கார்ந்தால் தீர்ப்புச் சொல்கிறவரும் அரசர், வாதியும் அரசர், பிரதிவாதியும் அரசர் என்பதால் எல்லாரும் மன்னித்து எல்லாரும் விடுதலை ஆனார்கள். இத்தனை அரசர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு குடிமகன்தான் இருந்தான், அது புக்கூர். முன்னால் நின்று மாட்டை நடத்த வேண்டிய எந்த வேலைக்கும், ஏர் பூட்டவோ லாடம் அடிக்கவோ, அவனைத்தான் கூப்பிட்டார்கள், காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு தேசமே அவனை ஆண்டது. வீடு வந்து விழுந்ததும் கேட்பான்: "மகாராணி, தினைக்கஞ்சி மிச்சம் இருக்கா, இல்ல அதையும் கஜானாவுல சேத்துட்டீங்களா?"

நேயாகா சிரிப்பாள். பின்னாளில் லுங்காராக்காரர்கள் அந்தப் பதினொரு மாதங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் சொல்வது இந்தச் சிரிப்பைத்தான். அந்தக் கோடையில் ஊரில் எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள் என்பார்கள், ஓட்டை உடைசல் சட்டையையும் தைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பார்கள், வெயில் வேறு மாதிரி அடித்தது என்பார்கள், அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் ஆற்றைப் பார்ப்பார்கள்.

ஆனால் எலும்பு என்றால் அந்த வம்சத்தின் சந்தேகமும் சேர்ந்ததுதானே. அறுவடை முடிகிற சமயத்தில் ஆலைக்கார அண்ணன் தம்பி, மானியாவும் ஓப்ரியாவும், முப்பது வருடமாக ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டவர்கள், தனித்தனிக் கிண்ணம் வாங்கினார்கள். ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தம்பி கத்தி தீட்டினால் அண்ணன் எழுந்து வெளியே போவான். அண்ணன் பரிமாறினால் தம்பி நாய்க்கு ஒரு வாய் போட்டுவிட்டு, நாய் வாலாட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடுவான். இது ஒரு வீட்டோடு நிற்கவில்லை.

குளிர் இறங்கி முதல் பனி விழுந்த அன்று நேயாகாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மொகோஷ் என்று பெயர் வைத்தார்கள். குளிருக்காக அந்த ஊரில் வீட்டையும் தொழுவத்தையும் பிரிப்பது ஒரு பலகைத் தடுப்புதான். பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கிப் பிடித்தபோது பலகையின் இடுக்கு வழியாக ஜோயான் பார்த்தது, முட்டி போட்டது, அதன் ஜோடி போட்டது, கடைசியில் பிறந்து நான்கு நாளே ஆன கன்று, நிற்கவே இன்னும் சரியாகத் தெரியாதது, நடுங்கிக்கொண்டே போட்டது. நேயாகா முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பிறந்த வாரத்திலேயே பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளையின் கைவிரல் கால்விரல்களை எண்ணினாள், காதைத் திருப்பிப் பார்த்தாள், மூக்கை முத்தமிட்டாள். "முழுசா வந்திருக்கான்யா" என்றாள் கணவனிடம், "ஒண்ணு குறையாம முழுசா."

செய்தி தலைநகரம் போய்ச் சேர ஒரு குளிர்காலம் ஆனது. பனி உருகிப் பாதை திறந்ததும் ஒரு மனிதர் கோவேறு கழுதையில் வந்து, ஊர் எல்லையிலேயே இறங்கி, கழுதையை அங்கேயே கட்டிவிட்டு நடந்து வந்தார். விவரம் தெரிந்தவர். பார்புல் என்று பெயர். புதிதாகப் பட்டமேறிய வோய்வோடா அனுப்பிய, மூக்கில் குறி போடுகிற ஆள். முன்பு நாவிதராக இருந்தவர், மென்மையான குரல், மென்மையான கை. கம்பளித் துணியில் சுற்றிய சின்னக் கத்தி ஒன்று, பிளம்பழச் சாராயக் குப்பி ஒன்று, வம்சத்தின் பெயர்களெல்லாம் எழுதிய தோல் ஏடு ஒன்று, இவ்வளவுதான் அவர் மூட்டை. முதலில் சுண்ணாம்புக்காரரின் குழி எங்கே என்று கேட்டார். காட்டினார்கள். அதன் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"பத்து வருஷமா இவரைத் தேடினேன்" என்றார் பாதிரியாரிடம். "கிடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே தேடினேன், சாமி."

புக்கூரைத் தவிர, கைக்குழந்தைகளையும் சேர்த்து ஊரின் ஆண்கள் நூற்றுப் பதினோரு பேர், எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டார். தேவாலயத்து வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து நாளைக்கு இருபத்திரண்டு பேர் என்று தொடங்கினார். இடது மூக்கு மடலில் ஒரு சின்ன வெட்டு, சாராயம், ரத்தம் நிற்கச் சிலந்திவலை ஒட்டி ஒரு தட்டு. ராதோமிர் முதல் ஆளாகப் போய், "காது ஏற்கெனவே போச்சே, அது கணக்குல வராதா?" என்று கேட்டான். "காதோட ஒருத்தர் ரெண்டு வருஷம் ஆண்டிருக்கார், ஐயா, முடியை வளத்து மறைச்சுக்கிட்டு. மூக்கை மறைக்க முடியாது" என்றார் பார்புல். குறி விழுந்தவனை மாடு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மானியாவும் ஓப்ரியாவும் வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்தார்கள், சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது, வலியோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டார்கள்.

நேயாகா மூட்டை கட்டினாள். புக்கூருக்கு உப்பு வண்டி போகிற கணவாய்களெல்லாம் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் வேறு அரசனின் நாடு, பார்புலின் ஏடு அங்கே செல்லாது.

"வேணாம் நேயாகா" என்றான் புக்கூர். "ஒரு கீறல். பார்லி அளவு. உசுரோட இருப்பான்."

"உனக்கென்னய்யா, நீ குடிமகன். நான் ரெண்டைப் புதைச்சவ. இவனை முழுசாப் பெத்தேன், முழுசா வளப்பேன். சிம்மாசனம் யாருக்கு வேணும், எனக்கு இவன் மூஞ்சிதான் வேணும்."

"பிடிச்சா?"

"நீ வண்டியைப் பூட்டு."

அவன் பூட்டவில்லை, மறுக்கவும் இல்லை, வாசலில் உட்கார்ந்து ஒரு கடிவாளத்தைத் தைத்துக்கொண்டே இருந்தான். ஆறாம் நாள் காலையில் பார்புலே வீடு தேடி வந்துவிட்டார். ஏட்டில் மிச்சமிருந்தது ஒரே பெயர். கட்டி வைத்த மூட்டையைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"பெரியவங்களுக்குப் போட்டாச்சு. குழந்தைங்களுக்கும் போட்டாச்சு. இவன் ஒருத்தன்தாம்மா."

"இவன் அஞ்சு மாசக் குழந்தை."

"ஏட்டுல இதைவிடச் சின்னவங்க இருக்காங்க."

நேயாகா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஏட்டில் சில பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடும் சில பெயருக்குப் பக்கத்தில் சிலுவையும் இருப்பதைப் பார்த்தாள்.

"கோடுன்னா என்ன?"

"குறி போட்டவங்க."

"சிலுவைன்னா?"

அவர் ஒரு சிலுவையின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினார்.

"படிங்க" என்றாள். "சிலுவை போட்டதையெல்லாம் படிங்க."

பார்புல் படித்தார், அந்த மென்மையான குரலில். நெகுல், ஏழு வயது, சித்தப்பாவின் ஆட்கள், தூக்கத்தில். அவன் தம்பி, பெயர் வைக்கவில்லை. ஸ்தோயான், பத்தொன்பது, ஆற்றில். ஆல்தியா, இரண்டு வயது, தாயோடு சேர்த்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்திரத்தில். அதைக் கேட்டதும் புக்கூர் தைப்பதை நிறுத்தினான். பார்புல் படித்துக்கொண்டே போனார், பக்கம் திருப்பினார், மறுபடி படித்தார். வம்சத்தின் ஐம்பத்திரண்டு வருடமும் அந்த வாசலில் வெயிலில் ஒவ்வொரு பெயராக வந்து நின்றுவிட்டுப் போனது.

"போதும்" என்றாள் நேயாகா. "குறி விழாம வளந்து பெரியவனாகி, நோய்ல படுத்துச் செத்தவன் ஒருத்தன் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒருத்தன். சொல்லிட்டீங்கன்னா நான் வண்டியேறிடுவேன், நீங்க என்னைத் தடுக்கக் கூடாது."

பார்புல் ஏட்டை முதலிலிருந்து புரட்டினார். ஏமாற்றுகிற மனிதர் இல்லை. உண்மையாகத் தேடினார், விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். கடைசியில் ஏட்டை மூடினார்.

"ஒருத்தர் இருக்கார், அம்மா. உங்க ஊர்லயே படுத்திருக்கார்."

நேயாகா யோசித்தாள். அந்தச் சுண்ணாம்புக்காரரின் முகம் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். நான்கு வருடம் தினமும் பார்த்திருக்கிறாள், தண்ணீர் கொடுத்திருக்கிறாள், செத்த அன்று அழுதிருக்கிறாள். துணிதான் நினைவுக்கு வந்தது. துணிக்கு மேலே இரண்டு கண். முதுகில் மூட்டை. ஒரு மாட்டின் நெற்றியைத் தடவிப் பார்த்ததில்லை, ஒரு பெண்ணை ஏறிட்டுப் பார்த்ததில்லை, ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்து வாய் திறந்து சாப்பிட்டதில்லை. ஒன்றும் குறையாத முகம் அவருக்கு இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

"அவரு அழகா இருந்தாரா?" என்று கேட்டாள்.

"சின்ன வயசுல பார்த்தேன்" என்றார் பார்புல். "ரொம்ப அழகு."

பிள்ளை தன் விரலையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நேயாகா கையை நீட்டினாள், கத்தியைக் கேட்டு.

"நீங்களா?"

"நான்தான். செல்லாதா?"

"யார் போட்டதுன்னு மூக்கு சொல்லாது, அம்மா."

புக்கூர் எழுந்து வந்து பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். பார்புல் எந்த இடம் என்று சுண்டுவிரல் நகத்தால் காட்டினார். நேயாகா மூச்சைப் பிடித்துக்கொண்டு, துணியில் ஓரம் வெட்டுகிற கவனத்தோடு, பார்லி மணியில் பாதி வெட்டினாள். பிள்ளை வீறிட்டான். சாராயம், சிலந்திவலை, தட்டு. வாயில் முலையைக் கொடுத்ததும் விம்மி விம்மிக் குடித்தான். பார்புல் ஏட்டில் கோடு போட்டார்.

"பொம்பளைங்களுக்கு?" என்று கேட்டான் புக்கூர். "அவங்களும்தானே குடிச்சாங்க."

"பெண்களோட எலும்பைக் கேட்டு யாரும் என்னை அனுப்பலை, ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் ஏட்டைக் கட்டினார்.

அதற்குப் பிறகும் பெண்களின் எலும்பைக் கேட்டு யாரும் வரவில்லை. கலோத்தாக்கள் ஒருவரையொருவர் வெட்டி வெட்டி இன்னும் ஒரு தலைமுறையில் தீர்ந்துபோனார்கள், வேறு வம்சம் வந்தது, அதுவும் போனது. நாடு முழுக்க அரச எலும்பைத் தேடி அலைந்து இனி இல்லை என்று கைவிட்ட பிறகும் லுங்காராவில் முக்காடு போட்டுப் பால் கறக்கிற பெண்கள் இருந்தார்கள், கடைசிப் பெண் சாகும்வரை தொழுவங்களில் முட்டி போடுகிற மாடுகள் இருந்தன, அதை யாரும் எந்த ஏட்டிலும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆனால் அன்றைக்கு, பார்புல் ஊர் எல்லையைத் தாண்டிப் போன பிறகு, பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும்போதே, நேயாகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள். முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டாள். பிள்ளையை இரண்டு கையாலும் ஜோயானின் முகத்துக்கு நேரே நீட்டினாள். மாடு பிள்ளையைப் பார்த்தது. அசை போட்டது. ஒரு ஈ வந்தது, காதை ஆட்டியது, மறுபடியும் பார்த்தது, நின்றது. அவள் வேண்டியதும் இதைத்தான். இதற்காகத்தான் தன் கையால் வெட்டினாள், இது நின்றால்தான் அவன் வாழ்வான். ஆனாலும் கை கடுக்கக் கடுக்க நீட்டிக்கொண்டே இருந்தாள், முன்னங்கால்களையே பார்த்துக்கொண்டு, ஒருவேளை, ஒரே ஒரு தடவை என்று. ஜோயான் நின்றது.

முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. மாடு அவள் முகத்தைப் பார்த்தது, பார்த்ததும் பொத்தென்று முட்டி போட்டது.

"எனக்கு எதுக்குடா?" பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அதன் நெற்றியில் ஓங்கி அறைந்தாள். "எனக்கு எதுக்கு? வெக்கங்கெட்டவனே, இவனுக்குப் போடுடா. இவனுக்கு."

மறுபடியும் அறைந்தாள். மாடு தலையை இன்னும் தாழ்த்தி வைக்கோலில் வைத்துக்கொண்டது. அவள் இடுப்பில் இருந்த பிள்ளை, மூக்கில் ஒட்டிய சிலந்திவலையோடு, கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்துவிட்ட கொம்பை எட்டிப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்றான்.